பெரியவர்களுக்கான காலை பேட்ச்: நீச்சல் குளத்தில் முதல் மூன்று மாதம்

பதக்கம் வேண்டாம், நேரக்கணக்கு வேண்டாம், வாரத்தில் நான்கு நாள் காலையில் தண்ணீரில் இறங்கி ஏறினால் போதும் என்று நினைக்கிற முப்பது, நாற்பது, ஐம்பது வயதுக்காரர்களுக்கான வழிகாட்டி இது. தமிழ்நாட்டு நகரங்களின் பொதுக் குளங்களில் காலை ஆறு மணி பேட்ச்சுக்குப் போனால் இப்படிப்பட்ட ஒரு சிறு கூட்டத்தைப் பார்க்கலாம். பெயர்ப்பலகை இருக்காது, தலைவர் செயலாளர் இருக்க மாட்டார்கள், ஒரு வாட்ஸ்அப் குழு மட்டும் இருக்கும். புதிதாக வருகிறவர் இந்தக் கூட்டத்தோடு சேர்ந்துகொள்வதுதான் நல்லது. தனியாக வருகிறவர் பத்தாம் நாள் சோம்பல்படுவார். நாலு பேர் காத்திருக்கிறார்கள் என்றால் எழுந்து வந்துவிடுவார்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெரியவர்கள் பெரும்பாலும் தோற்பது மூச்சில். கைகால் வலிமை எவ்வளவு இருந்தாலும் மூச்சு பிடிபடாதவர் பத்து மீட்டரில் திணறுவார். மூச்சு பிடிபட்டவர் அறுபது வயதிலும் நிதானமாக 500 மீட்டர் போவார். கீழே வருகிற பயிற்சிகள் எல்லாம் இதை வைத்துத்தான் வரிசைப்படுத்தப்பட்டிருக்கின்றன.

குளத்தைப் பார்த்து முடிவு செய்வது

பணம் கட்டுமுன் ஒரு நாள் சும்மா போய்க் கரையில் கால் மணி நேரம் நில்லுங்கள். ஆழமான பக்கத்தின் அடியில் தண்ணீர் வெளியேறும் வடிகால் மூடி தெளிவாகத் தெரிகிறதா பாருங்கள். தெரியவில்லை என்றால் அந்தக் குளம் வேண்டாம். கலங்கிய தண்ணீரில் ஒருவர் மூழ்கிக் கிடந்தாலும் மேலிருந்து தெரியாது.

அடுத்தது வாசனை. கண்ணைக் கரிக்கும் நெடி அடித்தால் “நிறைய குளோரின் போட்டிருக்கிறார்கள், சுத்தமாகத்தான் இருக்கும்” என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. வியர்வை, சிறுநீர், உடம்பு எண்ணெய் இவற்றோடு குளோரின் வினைபுரிந்து உண்டாகும் குளோரமைன்தான் அந்த நெடி. நன்றாகப் பராமரிக்கப்படும் குளத்தில் வாசனை லேசாகத்தான் இருக்கும். பயன்படும் நிலையிலுள்ள குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரையும், தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7.2க்கும் 7.8க்கும் இடையிலும் இருக்க வேண்டும். அன்றைய அளவைப் பலகையில் எழுதிப்போடும் குளம் என்றால் நம்பிச் சேரலாம்.

லைஃப்கார்டு எங்கே நிற்கிறார், கையில் செல்போன் வைத்திருக்கிறாரா, மிதவை வளையமும் நீளக் கம்பும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு ஆழம். கற்றுக்கொள்கிறவருக்கு நெஞ்சளவு, அதாவது ஏறத்தாழ 1.1 அல்லது 1.2 மீட்டர் ஆழம் வேண்டும். போட்டிக்காகக் கட்டப்படும் 50 மீட்டர் குளங்களில் நின்று பழகும் பக்கமே இல்லாமல் போகலாம். சென்னை வேளச்சேரி நீச்சல் வளாகம்கூட 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டிக் கட்டப்பட்டதுதான். இப்படிப்பட்ட இடங்களில் பெரியவர்கள் பழக எந்தக் குளத்தை ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய குளங்களில் வேறொரு சிக்கல்: ஒரு முனையில் இடுப்பளவு இருக்கும் தரை மறுமுனை நோக்கிச் சரிந்துகொண்டே போகும். எந்த இடத்தில் உங்கள் கால் எட்டாமல் போகிறது என்று கரைச்சுவரில் எழுதியிருக்கும் ஆழ அளவைப் பார்த்து மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் சேராதீர்கள். கோடை முகாம் பிள்ளைகளால் குளம் நிரம்பிவிடும், கோச்சுக்கும் உங்களைக் கவனிக்க நேரம் இருக்காது. பள்ளி திறந்தபின் ஜூன் நடுவில் சேர்ந்தால் ஒரு லேனே உங்களுக்குக் கிடைக்கும். பெண்களுக்குத் தனி நேரம் உண்டா, அந்த நேரத்தில் பெண் கோச்சும் பெண் லைஃப்கார்டும் இருப்பார்களா என்பதையும் சேர்த்தே கேளுங்கள். நேரம் மட்டும் தனியாக இருந்து ஆட்கள் மாறாமல் இருப்பது உண்டு. சுத்தம் செய்ய வாரத்தில் ஒரு நாள் மூடுவார்கள். எந்த நாள் என்று தெரிந்துகொண்டால் வீண் அலைச்சல் மிச்சம்.

டாக்டரிடம் ஒரு நடை

பல இடங்களில் மருத்துவச் சான்று கேட்பார்கள். கேட்காவிட்டாலும் போய்விட்டு வாருங்கள். இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், வலிப்பு, காதுச் சவ்வில் ஓட்டை இவற்றில் எது இருந்தாலும் டாக்டர் சரி என்று சொல்லாமல் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைக் கரையில், லைஃப்கார்டுக்குத் தெரிகிற இடத்தில் வைக்க வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு வர வேண்டும், பையில் மிட்டாயோ குளுக்கோஸோ இருக்க வேண்டும். தாழ்சர்க்கரையின் நடுக்கமும் வியர்வையும் தண்ணீருக்குள் தெரியாமல் போய்விடும்.

வாங்க வேண்டியவை

நைலான் அல்லது பாலியெஸ்டர் நீச்சலுடை போதும். பருத்தி ட்ரவுசருக்கும் பனியனுக்கும் அனுமதி இல்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது: பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்து இழுக்கும், அதன் நூல் பிசிறு ஃபில்டரை அடைக்கும். பெண்களுக்கு முழங்கால் வரையும் கணுக்கால் வரையும் மூடும் நீச்சலுடைகள் எளிதாகக் கிடைக்கின்றன. உடம்போடு ஒட்டியிருக்கும் அளவாக வாங்குங்கள். தொளதொளவென்று இருந்தால் காற்று புகுந்து உப்பும்.

நீச்சல் கண்ணாடிக்குக் கொஞ்சம் செலவு செய்யலாம், அதில்தான் உண்மையான பயன். கடையில் பட்டையை மாட்டாமல் கண்ணில் வைத்து லேசாக அழுத்துங்கள். கையை எடுத்தபின் ஓரிரு நொடி தானாக ஒட்டி நின்றால் அது உங்கள் முகத்துக்குப் பொருந்தும். ஒட்டாததைப் பட்டையை இறுக்கிச் சரிசெய்ய முடியாது. கண்ணைச் சுற்றித் தடம் விழும், தண்ணீரும் உள்ளே வரும். கண்ணாடியின் உள்பக்கத்தைத் துணியாலோ விரலாலோ துடைக்காதீர்கள், பனி படியாமலிருக்கப் பூசியிருக்கும் பூச்சு போய்விடும். கிட்டப்பார்வை உள்ளவர்களுக்குப் பவர் போட்ட நீச்சல் கண்ணாடி கிடைக்கிறது. கான்டாக்ட் லென்ஸோடு இறங்குவதைத் தவிருங்கள்.

நீளமுடிக்கு சிலிக்கான் கேப் நல்லது. முடியைக் குழாய்த் தண்ணீரில் நனைத்துவிட்டு மாட்டினால் இழுக்காது. முன்பே நனைந்த முடி குளோரின் தண்ணீரைக் குறைவாகத்தான் உறிஞ்சும்.

இறங்குமுன்

தலையில் எண்ணெயோடு வராதீர்கள். தேங்காய் எண்ணெய் தண்ணீரின் மேல் படலமாகப் பரவி, குளோரினைத் தின்று, ஃபில்டரில் போய் ஒட்டும். எண்ணெய்க் குளியல் நாளன்று முழுகிவிட்டுக் குளத்துக்கு விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது மாலையில் முழுகுங்கள். மஞ்சள், பவுடர், விபூதி, வாசனைத் தைலம் எல்லாம் ஷவரில் போக வேண்டும். பெயருக்கு நனைந்துவிட்டு ஓடிவரக் கூடாது, சோப்புப் போட்டு ஒரு நிமிடமாவது நின்று குளியுங்கள். முன்பு சொன்ன நெடி குறைவதற்குக் குளிப்பவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான்.

மோதிரம், மெட்டி, கொலுசு இவற்றைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் விரல் சுருங்கும்போது மோதிரம் நழுவும். தாலிச் சங்கிலியைக் கழற்ற விரும்பாதவர்கள் உடைக்குள் விட்டு ஊக்கால் குத்திக்கொள்ளலாம்.

வெறும் வயிற்றில் வருவது பலருக்குச் சரிப்படும். தலைசுற்றும் என்றால் அரை மணி முன் ஒரு வாழைப்பழம். பொங்கல் வடை எல்லாம் ஏறியபின்தான். தண்ணீர் பாட்டிலைக் கரையில் வையுங்கள், நீந்தும்போதும் வியர்க்கிறது. நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

முதல் வாரம்: மூச்சு, மிதப்பு, எழுந்து நிற்பது

நெஞ்சளவுத் தண்ணீரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். வாயால் காற்றை இழுங்கள், முகத்தை உள்ளே விடுங்கள், மூக்கு வாய் இரண்டாலும் நிதானமாகக் குமிழி விட்டுக்கொண்டே 3, 4 நொடி இருங்கள், தலையைத் தூக்கி மறுபடி இழுங்கள். 10 முறை, சற்று ஓய்வு, மறுபடி 10. இப்படி 3 சுற்று. முதல் இரண்டு நாள் இதைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

எல்லாரும் இங்கே ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்: உள்ளே போனதும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். மூச்சுமுட்டும் உணர்வைக் கொண்டுவருவது பெரும்பாலும் வெளியேறாமல் சேர்கிற கரியமில வாயு. பிடித்து வைத்தவர் தலையைத் தூக்கிய அரை நொடிக்குள் வெளியே விடவும் வேண்டும், உள்ளே இழுக்கவும் வேண்டும். இரண்டும் நடக்காது, தண்ணீரைக் குடிப்பார். தண்ணீருக்குள்ளேயே விட்டு முடித்தவருக்கு மேலே வந்ததும் இழுப்பது மட்டுமே வேலை.

அடுத்தது குப்புற மிதப்பது. காற்றை நிரப்பி, முகத்தை உள்ளே விட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு உருண்டையாகுங்கள். முதுகு தானாக மேலே வரும். உடம்பை அமிழ்த்துவதுதான் கடினம் என்று அந்தக் கணத்தில் புரியும், பயம் பாதி விலகும். பிறகு கை கால் நீட்டிப் பழகுங்கள்.

மிதந்த நிலையிலிருந்து எழுந்து நிற்பதைத் தனியாகப் பழக வேண்டும். பலர் இதைச் சொல்லித் தருவதில்லை. தலையைத் தூக்கிக்கொண்டு காலைத் தேடினால் கால் கிடைக்காது, உடம்பு தடுமாறும், பயம் பிடித்துக்கொள்ளும். வரிசை இது: முழங்காலை வயிற்றுக்கு இழுங்கள், இரண்டு உள்ளங்கையாலும் தண்ணீரைக் கீழே அழுத்துங்கள், பாதம் தரையைத் தொட்டபின் தலையைத் தூக்குங்கள். 20 முறை செய்து பாருங்கள். இது கைவந்தால்தான் கோச் கையை விடச் சம்மதியுங்கள்.

மல்லாந்து மிதக்கும்போது காது தண்ணீருக்குள் இருக்க வேண்டும், வயிறு மேலே வர வேண்டும். தலையைத் தூக்கிக் காலைப் பார்த்தால் இடுப்பு இறங்கிவிடும். சிலருக்கு, முக்கியமாக ஒல்லியான ஆண்களுக்கு, எவ்வளவு செய்தாலும் கால் இறங்கும். அது குறையில்லை. காற்று நிறைந்த நெஞ்சு மிதக்கிறது, தசையும் எலும்புமான கால் கனக்கிறது. கைகளைத் தலைக்கு மேல் நீட்டினால் கொஞ்சம் சமன்படும்.

இரண்டாவது வாரம் முதல் நான்காவது வாரம் வரை

சுவரைக் காலால் உந்தி, கையை முன்னே நீட்டி, முகம் உள்ளே இருக்க அப்படியே வழுக்கிப் போங்கள். 5 மீட்டர் போகிறவரை இதையே செய்யுங்கள். பிறகு கிக் போர்டைப் (கையில் பிடித்துக்கொள்ளும் மிதவைப் பலகை) பிடித்துக் கால் அடிப்பது, ஒரு தடவைக்கு 10 முதல் 15 மீட்டர். அடி இடுப்பிலிருந்து வர வேண்டும், முழங்கால் லேசாக மடங்கலாம், கணுக்கால் தொய்ந்திருக்க வேண்டும். சைக்கிள் மிதிப்பது மாதிரி அடித்தால் தண்ணீர் தெறிக்கும், ஆள் நகரமாட்டார். பல வருடம் ஓடியவர்களுக்குக் கணுக்கால் இறுகியிருக்கும், சிலர் பின்னோக்கிக்கூடப் போவார்கள். வீட்டில் வஜ்ராசனத்தில் தினம் ஓரிரு நிமிடம் உட்கார்ந்தால் கணுக்கால் இளகும். முழங்கால் வலி இருப்பவர்கள் இதை முயல வேண்டாம்.

கை வீச்சும் சேர்ந்தபின், ஃப்ரீஸ்டைலில், அதாவது குப்புறப் படுத்துக் கைகளை மாற்றி மாற்றி வீசும் நீச்சலில், மூச்சு எடுக்கத் தலையைத் தூக்காமல் திருப்ப வேண்டும். ஒரு பக்கக் கண்ணாடி தண்ணீருக்குள்ளேயே இருந்தால் சரியாகத் திருப்புகிறீர்கள். இரண்டு கண்ணும் வெளியே வந்தால் தலையைத் தூக்குகிறீர்கள், அந்த நொடியே இடுப்பு இறங்கும். மூன்று கை வீச்சுக்கு ஒரு மூச்சு என்று யாராவது கட்டாயப்படுத்தினால் கேட்காதீர்கள். இரண்டு வீச்சுக்கு ஒரு மூச்சு எடுங்கள், நிதான நீச்சலுக்குக் காற்றுதான் முக்கியம்.

வாரத்தில் நான்கு நாள் வந்தால் ஒரு மாதத்தில் 25 மீட்டர் என்பது எட்டக்கூடிய குறி. சிறுவயதில் தண்ணீரில் பயந்தவர்களுக்கு இரண்டு மாதம்கூட ஆகலாம். அவர்களை அவசரப்படுத்துகிற கோச்சை மாற்றுங்கள்.

கால் எட்டாத பக்கம் போகுமுன் ஒரு தேர்வு: எதையும் பிடிக்காமல், தரையில் கால் ஊன்றாமல், கைகாலை அசைத்துத் தலையை மேலே வைத்தபடி ஒரே இடத்தில் 2 நிமிடம் தண்ணீர் மிதிக்க வேண்டும், பிறகு மல்லாந்து 1 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும். லைஃப்கார்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓரத்திலேயே செய்யுங்கள்.

கிணற்றில் பழகியவர்களுக்கு

சுரைக்குடுக்கையோ டியூபோ கட்டிக் கிணற்றில் நீந்திப் பழகியவர்கள் தமிழ்நாட்டுக் குளங்களில் நிறையப் பேர். பயமே இருக்காது, அது பெரிய சொத்து. ஆனால் 50 மீட்டர் போய்த் திரும்புவதற்குள் களைத்துவிடுவார்கள். காரணம் தலை. கிணற்றில் தூரம் குறைவு, தலையை வெளியே வைத்தே நீந்தலாம். நீளக் குளத்தில் அப்படிப் போனால் கால் தாழ்ந்து உடம்பே தண்ணீருக்குத் தடையாகிவிடும், கழுத்தும் வலிக்கும். இவர்கள் கைகால் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. முதல் வாரக் குமிழிப் பயிற்சியை மட்டும் பத்து நாள் செய்து முகத்தை உள்ளே வைக்கக் கற்றுக்கொண்டால் தூரம் தானாகக் கூடும். தவளை நீச்சல் விரும்புகிறவர்கள் உதைத்து முடித்ததும் உடனே அடுத்த வீச்சுக்குப் போகாமல் ஒரு நொடி நீண்டு வழுக்க வேண்டும். முழங்காலை அகல விரித்து உதைத்தால் உள்பக்க மூட்டு வலிக்கும். ஏற்கெனவே மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு மல்லாந்த நீச்சல் மேல்.

லேன் மரியாதை

ஒரு லேனில் மூன்று பேருக்கு மேல் இருந்தால் சுற்றி நீந்துவார்கள்: ஒரு ஓரமாகப் போய் மறு ஓரமாகத் திரும்புவது. வலமா இடமா என்பது குளத்துக்குக் குளம் மாறும். இறங்குமுன் 2 நிமிடம் நின்று பாருங்கள். ஓய்வெடுக்க மூலையில் நில்லுங்கள், நடுச்சுவரைத் திரும்புகிறவர்களுக்கு விடுங்கள். வேகமாக வருகிறவர் சுவரை நெருங்கும்போது அவருக்கு முன்னால் உந்திப் புறப்படாதீர்கள், அவர் போகட்டும். பாதத்தை யாராவது லேசாகத் தொட்டால் வழி கேட்கிறார் என்று அர்த்தம், அடுத்த சுவரில் நின்று அவரை முன்னே போகவிடுங்கள். நடுவழியில் நிற்கக் கூடாது. மல்லாந்து போகும்போது மேலே கட்டியிருக்கும் கொடிகள் வந்தால் சுவருக்கு 5 மீட்டர் இருக்கிறது. அங்கிருந்து எத்தனை வீச்சில் சுவர் வருகிறது என்று எண்ணி வைத்துக்கொண்டால் தலை இடிக்காது.

ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது

25 மீட்டர் மட்டும் போகத் தெரிந்தவர் 10 தடவை 25 மீட்டர் போகட்டும். ஒவ்வொன்றுக்கும் இடையே, ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேச முடிகிறவரை ஓய்வு. கூட்டமாக நீந்துவதில் இது எளிது, பக்கத்தில் பேச ஆள் இருக்கிறார்.

மூன்றாவது மாதத்தில் இப்படிப் போகலாம்: மெதுவாக 4 தடவை 25. போர்டோடு கால் மட்டும் 4 தடவை 25. பிறகு 8 தடவை 50, இடையே 30 நொடி ஓய்வு. கடைசியில் மல்லாந்து 2 தடவை 50. மொத்தம் 700 மீட்டர். முதல் 50க்கும் கடைசி 50க்கும் வேகம் ஒன்றாக இருந்தால் அளவு சரி. கடைசியில் தள்ளாடினால் முதலிலேயே அவசரப்பட்டிருக்கிறீர்கள். தொடக்கத்தில் பாய்ந்து போவதுதான் பெரியவர்கள் விடாமல் செய்கிற தவறு.

கூட்டத்தை நடத்துவது

ஆறு முதல் பன்னிரண்டு பேர் என்பது நல்ல அளவு. இறங்கும்போதும் ஏறும்போதும் ஒருவர் தலை எண்ண வேண்டும். ஒவ்வொருவருடைய வீட்டு எண்ணும், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதும் இன்னொருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். புதியவருக்குச் சொல்லித்தருவது ஒரே ஒருவராக இருக்கட்டும். ஆளுக்கொரு யோசனை சொன்னால் அவர் குழம்பி நின்றுவிடுவார்.

மூச்சடக்கும் போட்டியை அடியோடு தடை செய்யுங்கள். வேகவேகமாக மூச்சு விட்டுவிட்டு முங்கினால் கரியமில வாயு குறைந்து, மூச்சு வேண்டும் என்ற எச்சரிக்கை வராமலே நினைவு தப்பும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் இப்படி இடுப்பளவுத் தண்ணீரிலும் இறந்திருக்கிறார்கள்.

மூழ்குகிறவர் கத்த மாட்டார், கையசைக்கவும் மாட்டார். வாய் நீர்மட்டத்தில் ஏறி இறங்க, உடம்பு செங்குத்தாக, சத்தமின்றி நிற்பார். ஒரு நிமிடத்துக்குள் உள்ளே போய்விடுவார். அப்படி ஒருவரைப் பார்த்தால் லைஃப்கார்டைக் கூப்பிட்டுக்கொண்டே கம்பு, மிதவை, துண்டு என்று கையில் கிடைத்ததை நீட்டுங்கள். பயிற்சி இல்லாதவர் குதித்தால் இருவரும் போவார்கள். கூட்டத்தில் இரண்டு பேராவது முதலுதவிப் பயிற்சி எடுத்து, மூச்சு ஊதுவதும் நெஞ்சை அழுத்துவதும் தெரிந்தவர்களாக இருக்கட்டும். 108ஐ அழைப்பது யார் என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் மல்லாந்து மிதந்து, கால்விரல்களை முழங்காலை நோக்கி இழுத்துப் பிடியுங்கள், விட்டுவிடும். இடி கேட்டால் உடனே ஏறுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் இறங்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் திறந்தவெளிக் குளங்களில் இது அடிக்கடி நேரும்.

ஏறியபின்

காதில் தண்ணீர் நின்றால் தலையைச் சாய்த்துக் காதுமடலை மெல்ல இழுங்கள், துண்டு முனையால் வெளியே மட்டும் ஒற்றுங்கள். பட்ஸ், கோழியிறகு எதுவும் உள்ளே போகக் கூடாது. உள்தோல் கீறினால் சீழ் பிடிக்கலாம். வயிற்றுப்போக்கு இருக்கும் நாட்களில் குளத்துக்கு வராதீர்கள், சில கிருமிகள் குளோரினிலும் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். நீச்சலுடையைக் குழாய்த் தண்ணீரில் அலசி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் உலர்த்தினால் இழுவை போகாமல் நாள்பட உழைக்கும்.

கடல், கல்குவாரி

குளத்தில் 700 மீட்டர் போகிறவருக்கும் மெரினாவில் இறங்கத் தகுதி வந்துவிடவில்லை. அந்தக் கடற்கரையில் அலை திரும்பும்போது உள்ளிழுக்கும் நீரோட்டம் நல்ல நீச்சல்காரர்களையும் கொண்டுபோயிருக்கிறது. கால் வைத்ததும் ஆழம் சரியும் இடங்கள் அங்கே நிறைய. கல்குவாரிக் குட்டைகளில் கரை செங்குத்து, ஏற வழி இருக்காது, அடியில் என்ன கிடக்கிறது என்று தெரியாது. கோயில் தெப்பக்குளங்களில் பாசியும் சேறும். கூட்டமாகக் கடலில் நீந்தும் ஆசை வந்தால் இரண்டாவது வருடம் யோசிக்கலாம்: குளத்தில் நிற்காமல் 1 கிலோமீட்டர் போகத் தெரிந்தபின், அந்தக் கடலை அறிந்த மீனவர் ஒருவரும் துணைப்படகும் கூட வர, பளிச்சென்ற நிறத்தில் கேப்பும் இடுப்பில் மிதவைப் பையும் கட்டிக்கொண்டு, கரைக்கு இணையாக மட்டும். அலை பெரிதாக இருக்கிறது, இன்று வேண்டாம் என்று மீனவர் சொன்னால் அன்று வேண்டாம்.